காலியாக விட்ட ஆக்சிஜன் கட்டம்

எங்கள் ஆய்வுக்கூடப் பணியாளர்கள் கொண்டுவரும் ஆண்டு மலருக்கு முதலில் யோகரத்தினத்திடம்தான் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். அவனுக்கு நேரமில்லையாம். அதற்குப் பிறகுதான் என் வீட்டுத் தொலைபேசி மணி அடித்தது. கேட்ட பெண் வெள்ளந்தியாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "யோகா அங்கிள் பிஸியாம். அதான் அங்கிள், உங்ககிட்ட கேக்குறோம். மெஷின் இல்லாத காலத்துல ரத்தத்துல கார்பன் மோனாக்சைடு எப்படிப் பாத்தீங்கன்னு எழுதுங்க லா. இப்ப நாங்க கொஞ்சூண்டு ரத்தம் வெச்சா போதும், நம்பர் வந்துடுது."

இரண்டாவது ஆளாகக் கேட்கப்படுவது எனக்குப் பழக்கமான விஷயம். ஆகையால் சரி என்றேன். ஆனால் எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, அவனை விட்டுவிட்டு அந்த வாயுவைப் பற்றி என்னால் ஒரு பத்திகூட எழுத முடியாது.

என் பெயர் மாரியப்பன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நான் சீனியர் கேம்பிரிட்ஜ் என்ற பள்ளி இறுதிப் பரீட்சை தேறி, எங்கள் தீவின் நகரமான ஜார்ஜ் டவுனில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில் பயிற்சியாளனாகச் சேர்ந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். மூன்று வருடம் கண்ணாடிக் குழாய் கழுவினேன், அணுக்களை எண்ணினேன், பரீட்சை எழுதினேன். பயிற்சியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது டாக்டர் சியாவைப் பற்றி. ஆய்வுக்கூடத்தின் தலைவர். ஒல்லியான சீனர், குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. கார்பன் மோனாக்சைடு பார்க்க வேண்டிய இரத்தம் வந்தால் குழாயை முதலில் அவர் கையில்தான் கொடுக்க வேண்டும். அவர் ஜன்னலருகே போய் அதைத் தலைகீழாகப் பிடிப்பார். குழாயில் காற்றே இருக்கக்கூடாது. மேலே இடம் விட்டால் வாயு அந்த இடத்துக்குத் தப்பி வந்துவிடும், கணக்குக் குறைந்துவிடும். ஒரு குமிழி நகர்வது தெரிந்தால் குழாயை எங்கள் முன்னால் வைத்துவிட்டு "அங்கின்" என்பார். மலாயில் காற்று. அவ்வளவுதான் திட்டு. அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பயந்து வார்டு தாதிகள் குழாயை விளிம்புவரை நிரப்பக் கற்றுக்கொண்டார்கள்.

பிறகு சோதனை. இரத்தத்தைத் தண்ணீரில் கலக்கி, சில சொட்டுக் காரம் விடுவோம். சாதாரண இரத்தம் உடனே பழுப்பும் பச்சையுமாக அழுகிய நிறத்துக்குப் போய்விடும். இந்த வாயு ஏறிய இரத்தம் மட்டும் ரோஜா நிறத்தில் அப்படியே நிற்கும். பார்க்க அழகாக இருக்கும். அடுத்தது இரண்டு வட்டமுள்ள சின்னக் கண்ணாடித் தட்டு. வெளிவட்டத்தில் இரத்தமும் அமிலமும், நடுக்குழியில் பலேடியம் கரைசல். மூடியின் விளிம்பில் கிரீஸ் தடவி இறுக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வாயு இருந்தால் நடுவில் கருத்த பளபளப்பான ஆடை படியும்.

ஒப்பிட்டுப் பார்க்கக் குறையில்லாத இரத்தமும் பக்கத்தில் வேண்டும். சிகரெட் பிடிப்பவர் இரத்தத்தில் இந்த வாயு எப்போதும் கொஞ்சம் இருக்கும். எங்கள் கூடத்தில் என்னைத் தவிர ஆண்கள் எல்லாரும் ஊதித் தள்ளுகிறவர்கள். ஆகவே ஒவ்வொரு முறையும் என் கையிலிருந்துதான் எடுப்பார்கள். பதிவேட்டில் 'நார்மல்: மாரியப்பன்' என்று எழுதுவோம். சிரிக்காதீர்கள், எனக்கு அதில் பெருமை இருந்தது. இந்தக் கட்டடத்திலேயே சரியான இரத்தம் என்னுடையது என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன்.

யோகரத்தினம் எனக்கு மூன்று வருடம் இளையவன். யாழ்ப்பாணக் குடும்பம். தாத்தா ரயில்வேயில் கிளார்க், அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வெள்ளைச் சட்டை, மசிப் பேனா, வாய் திறந்தால் ஆங்கிலம். அதற்கெல்லாம் நான் தயாராக இருந்தேன். அவன் நல்லவனாகவும் இருந்ததுதான் தாங்கவில்லை. என்னை "அண்ணே, அண்ணே" என்று கூப்பிடுவான். டாக்டர் சியா அவனை "யோகா" என்பார், என்னை "மிஸ்டர் மாரியப்பன்" என்பார். அது மரியாதை என்று என் மனைவி செல்வி சொல்வாள். மரியாதை யாருக்கு வேண்டும்? லண்டனில் ஒரு வருடப் பயிற்சிக்கு ஓர் இடம் வந்தபோது மிஸ்டர் மாரியப்பன் போகவில்லை. யோகா போனான்.

திரும்பி வந்தவன் ஒளி அளவி ஒன்றை வரவழைத்தான். இரத்தத்தின் வழியே ஒளியைச் செலுத்தி எத்தனை விழுக்காடு விஷம் ஏறியிருக்கிறது என்று எண்ணாகவே சொல்லும். அதோடு வெளிநாட்டிலிருந்து புட்டியில் அடைத்த நார்மல் இரத்தமும் வந்தது. "இனி உங்களைக் குத்தத் தேவையில்லை அண்ணே," என்றான் சிரித்துக்கொண்டே. அன்று நான் மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை. செல்வி கிண்டல் செய்வாள்: "உங்களுக்குப் பிரஷரும் இல்ல, இனிப்பு நீரும் இல்ல. யோகாதான் வியாதி."

ஒரு நல்ல விதியையும் அந்தக் காலத்தில்தான் டாக்டர் சியா கொண்டுவந்தார். விண்ணப்பத் தாளில் ஒரு புதிய கட்டம்: 'இரத்தம் எடுக்கும் முன் ஆக்சிஜன் கொடுத்தார்களா, எவ்வளவு நேரம்?' ஆக்சிஜன் கொடுக்கக் கொடுக்க இந்த வாயு இரத்தத்தை விட்டு வெளியேறிவிடும். மூளைக்குச் செய்ததைச் செய்துவிட்டுப் போய்விடும். பிறகு எடுத்த இரத்தத்தில் சின்ன எண்தான் வரும். "எண் இரத்தத்தைப் பற்றியது. நோயாளி கட்டிலில் இருக்கிறார்," என்பார். கட்டம் காலியாக வந்தால் வார்டுக்குப் போன் செய்து கேட்ட பிறகே முடிவை அனுப்ப வேண்டும். கேட்க வேண்டியது கையெழுத்துப் போடுகிறவர் பொறுப்பு.

எழுபதுகளின் கடைசி. தீவுக்குப் பாலம் இன்னும் வரவில்லை, அக்கரையிலிருந்து ஃபெரியில்தான் வர வேண்டும். ஒரு நாள் மத்தியானம் அக்கரையில் பத்து காவான் என்ற ஊரின் தோட்டத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பெயர் பார்வதி. பிள்ளை பெற்றுப் பத்து நாள்கூட ஆகவில்லை. பச்சை உடம்புக்கு ஈரக்காற்று ஆகாது என்று காலையில் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, கட்டிலுக்கு அடியில் கரித் தணலை வைத்துச் சாம்பிராணி போட்டிருக்கிறார்கள். நம் வீடுகளில் யார் செய்யவில்லை? அன்று வெளியே அடைமழை, கதவிடுக்கில் சாக்கு வேறு. குளிப்பாட்டுவதற்காகக் குழந்தையைப் பக்கத்து வீட்டம்மா தூக்கிப் போயிருந்ததால் குழந்தை பிழைத்தது. தாய் மயங்கிக் கிடந்தாள்.

வார்டில் ஆள் பற்றாக்குறை. அவளோடு வந்த தோட்டத்து டிரஸரே இரத்தக் குழாயை எடுத்துக்கொண்டு எங்கள் கூடத்துக்கு வந்தார். தோட்ட மருந்தகத்தைப் பார்த்துக்கொள்பவர், நடுத்தர வயது, சட்டையெல்லாம் மழையில் நனைந்திருந்தது. கவுண்டரில் நான்தான் இருந்தேன்.

"சார், கொஞ்சம் சீக்கிரம் பாருங்க. சின்னப் பொண்ணு சார்," என்றார். போகத் திரும்பியவர் நின்று சொன்னார்: "தோட்டத்துல இருந்தே ஆக்சிஜன் வெச்சுத்தான் கொண்டாந்தோம். ஃபெரியிலகூட நிறுத்தல. அங்க கப்பலுக்கு வேற ரொம்ப நேரம் காத்துக்கிட்டு நின்னோம்."

தாளைப் பார்த்தேன். ஆக்சிஜன் கட்டம் காலி. பேனா என் சட்டைப் பையில் இருந்தது.

என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். இது யோகாவின் மெஷினுக்குப் போகும் குழாய். லண்டன் போய் வந்தவன் அவன்தானே, கட்டம் காலி என்று அவனே கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடிக்காவிட்டால் டாக்டர் சியா ஒருமுறையாவது அவன் முன்னால் தாளை வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பார். அதை நான் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் நினைத்தேன். அந்தப் பெண்ணை நான் நினைக்கவேயில்லை. குழாயையும் தாளையும் அவன் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

அன்று யோகாவுக்குக் கை நிறைய வேலை. டாக்டர் சியா கோலாலம்பூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். அவன் காலிக் கட்டத்தைக் கவனிக்கவில்லை. எண் மிகவும் குறைவாக வந்தது, சிகரெட் பிடிப்பவருக்கு இருக்கும் அளவுக்குக் கொஞ்சம் மேல். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டான். லேசான விஷம்தான் என்று வார்டில் எடுத்துக்கொண்டார்கள். அவளும் கண் விழித்துப் பேசினாள், கஞ்சி குடித்தாள், குழந்தையைக் கேட்டாள். இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து அவளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இடையில் அவள் நன்றாகத்தான் இருந்திருக்கிறாள், சமைத்திருக்கிறாள், சிரித்திருக்கிறாள். பிறகு ஒரு நாள் உலை கொதிக்கும்போது அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாளாம். மறுநாள் குழந்தை அழுதது, அது அழுகை என்று அவளுக்குத் தெரியவில்லை. நடை ஒரு சாண் ஒரு சாணாகச் சுருங்கியது. பேச்சு நின்றது. கட்டிலிலேயே சிறுநீர் போனாள். நான் வார்டுக்கு வேறு யாருக்கோ இரத்தம் எடுக்கப் போனவன் அவளைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது, முகத்தில் ஒன்றுமில்லை. பக்கத்தில் புருஷன் வீரையா, தோட்டத்து லாரி டிரைவர், அவள் விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தான்.

இதுதான் இந்த வாயுவின் கபடம். இரத்தத்தை விட்டுப் போன பிறகு, ஆள் தேறிவிட்டதாக எல்லாரும் நம்பிய பிறகு, மூளையில் பின்னால் வந்து அடிக்கும்.

டாக்டர் சியா பழைய தாளை எடுத்துவரச் சொன்னார். காலிக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். யோகா முகம் வெளுத்து நின்றான். "நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை," என்றான். டாக்டர் சியா என் பக்கம் திரும்பினார். "மிஸ்டர் மாரியப்பன், குழாயை வாங்கியது நீங்கள். கொண்டுவந்தவர் ஏதாவது சொன்னாரா?"

"இல்ல டாக்டர்," என்றேன்.

அவர் நம்பினார். அதுதான் மரியாதை என்பது, அன்றுதான் எனக்கு விளங்கியது. செல்வி சொன்னது சரி.

பிறகு அவர் யோகாவிடம் மெதுவாகச் சொன்னார்: எண் சரியாகத் தெரிந்திருந்தாலும் இது வந்திருக்கலாம், முழு வைத்தியம் செய்தவர்களுக்கும் வருகிறது. ஆனால் அவளைக் கூடுதல் நாள் வைத்திருப்போம், ஓய்வு கொடுத்திருப்போம், கவனித்துக்கொண்டிருப்போம். அதில் முதல் பாதியை நான் பிடித்துக்கொண்டேன். வந்திருக்கலாம், எப்படியும் வந்திருக்கலாம். பல வருடம் அதைச் சொல்லிச் சொல்லித்தான் தூங்கினேன். யோகா இரண்டாவது பாதியை எடுத்துக்கொண்டான்.

அவன் வேலையை விட்டான். பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்தான், மேலே மேலே படித்தான், கடைசியில் கெலுகோரில் இருக்கும் அதே பல்கலைக்கழகத்திலேயே ஆராய்ச்சியாளனாக உட்கார்ந்தான். எடுத்துக்கொண்ட பொருள் கார்பன் மோனாக்சைடும் மூளையும். பத்திரிகையில் அவன் படம் வந்தது. அதைப் பார்த்து எனக்கு வந்த எரிச்சலை எப்படிச் சொல்ல? நான் மறைத்து வைத்த குற்றம், அதுகூட அவனுக்குப் பட்டமாகிவிட்டதே என்று நினைத்தேன். அப்படியும் ஒரு மனிதன் நினைப்பானா என்றால், நினைத்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழகத்தில் அவன் பேசினான். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு அழைப்பு இருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். புதிதாக ஒன்று தெரிய வந்திருக்கிறது என்றான். நாம் விஷம் என்று ஓடுகிற இந்த வாயுவை நம் உடம்பே சொற்பமாகத் தயாரிக்கிறது. இரத்தத்துக்குச் சிவப்பைத் தரும் பொருளை உடம்பு உடைக்கும்போது இது பிறக்கிறது. மூளையிலும் பிறக்கிறது. ஒரு நரம்பணு இன்னொன்றுக்குச் சேதி சொல்ல இதை அனுப்புகிறதோ, ஞாபகம் பதிவதில் இதற்குப் பங்கு உண்டோ என்று ஆராய்கிறார்கள். சரியான அளவில் கொடுக்கத் தெரிந்தால் அடிபட்ட மூளையைக் காக்கும் மருந்தாகவும் ஒரு நாள் ஆகலாம் என்று சிலர் நினைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். "இன்னும் எதுவும் உறுதியில்லை. வெகுதூரம் போக வேண்டும். அளவு தப்பினால் அது பழைய விஷமேதான்," என்று எச்சரித்தான். நன்றாகப் பேசினான். ஒரு குறைகூட எனக்கு அகப்படவில்லை.

முடிவில் பார்வதியின் கதையைச் சொன்னான், பெயர் சொல்லாமல். "அன்று ஆக்சிஜன் கொடுத்தார்களா என்று கேட்க வேண்டியவன் நான். கேட்கவில்லை. அந்தத் தவறிலிருந்துதான் இந்த ஆராய்ச்சிக்கு வந்தேன்," என்றான். எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எழவில்லை. செய்தவன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், கைதட்டல் அவனுக்கா? இப்படித்தான் தோன்றியது. அடுத்த கணமே என் மேல் எனக்கே அருவருப்பு வந்தது.

கேன்டீனில் அவனைத் தனியாகப் பிடித்தேன். இழுத்து ஆற்றிய தேத்தாரேக் டீ இரண்டு கிளாஸ் வந்தது. டிரஸர் சொன்னதையும், நான் எழுதாததையும், டாக்டர் சியாவிடம் சொன்ன பொய்யையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். 'போனது போகட்டும் அண்ணே' என்பான் என்று எதிர்பார்த்தேன். அவன்தான் நல்லவனாயிற்றே.

அவன் கிளாஸைத் தள்ளி வைத்தான். "ஏன் எழுதேல்ல?"

"நீ லண்டன் போனே. நான் போகல."

"அதுக்கா?" என்றான். "மாதம் தவறாமல் முதல் ஞாயிறு அந்த வீட்டுக்குப் போறன் அண்ணே. இத்தனை வருஷமா. அவவின்ட முகத்தைப் பார்த்துப்போட்டு வந்து என்ட பிள்ளையளோட சாப்பிட்டிருக்கிறன். ஒரு வாய்ச் சோறு இறங்காது. அப்ப எல்லாம் நீங்க எங்க இருந்தனீங்க?"

அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

"எனக்குச் சொல்லிப் பிரயோசனம் இல்லை. வீரையாவுக்குச் சொல்லுங்கோ. வாற ஞாயிறு நான் போக மாட்டன். நீங்க போங்கோ." எழுந்து போய்விட்டான். அதன் பிறகு இன்றுவரை அவன் என்னை அண்ணே என்று கூப்பிட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து காவானுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். பார்வதி வாசலில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பேச்சு ஓரளவு திரும்பியிருந்தது, நடையும்தான். ஆனால் ஒரு காயை நறுக்கிவிட்டு அடுத்ததை எடுக்க மறந்து கத்தியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அன்று பிழைத்த குழந்தை இப்போது உயரமாக வளர்ந்த பெண், அம்மாவின் கையில் அடுத்த காயை எடுத்துக் கொடுத்துக்கொண்டே பாடப்புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள்.

வீரையாவை வீட்டின் பின்பக்கம் கூட்டிப் போய்ச் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவன் கோழிக் கூண்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு கடைசிவரை கேட்டான்.

"இது யோகா சாருக்குத் தெரியுமா?"

"தெரியும். சொல்லிட்டேன்."

"எப்ப?"

"இந்த வாரந்தான்."

"அதான் இன்னைக்கு அவரு வரலையா?" முகம் மாறிவிட்டது. அதுவரை அவன் முகத்தில் நான் தேடிக்கொண்டிருந்த கோபம் அப்போதுதான் வந்தது. "சார், அவரு எங்க சொந்தக்காரரு இல்ல. தன்னோட தப்புன்னு நெனச்சுத்தான் வந்துக்கிட்டு இருந்தாரு. டாக்டர்கிட்ட கூட்டிப் போறது, இவளைப் பேச வைக்கிறது, மகளுக்கு இங்கிலீசு சொல்லிக் குடுக்குறது எல்லாம் அவருதான். இவ புதுசா எதையும் ஞாபகம் வெச்சுக்க மாட்டா. ஞாயித்துக்கெழம அவரு வர்றதை மட்டும் வெச்சிருக்கா. காலையில இருந்து வாசல்லயே உக்காந்திருக்கா, பாத்தீங்கல்ல?"

கூண்டின் மேலிருந்து கையை எடுத்தான்.

"இப்ப அவரு தப்பில்லன்னு ஆயிடுச்சு. இனிமே அவரு எதுக்கு சார் வரணும்? இத்தன வருஷம் சொல்லாம இருந்தீங்க. இன்னும் கொஞ்ச நாள் சொல்லாமலே இருந்திருக்கலாம்லா."

"வருவாரு," என்றேன். "அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல."

காரில் ஏறி உட்கார்ந்தேன். வாசலில் பார்வதி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். யோகா என்னைவிட நல்லவனாக இருக்க வேண்டும், என்னைவிட எவ்வளவோ நல்லவனாக இருக்க வேண்டும் என்று என் வாழ்நாளில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டேன்.

அடுத்த மாதம் யோகா அங்கே போனான். வீரையாவின் மகள் எனக்குக் கடிதம் எழுதித் தெரிவித்தாள். ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தாள், பிழையே இல்லை.